கண்ணை மறைக்காத படம்

மதனவதி அந்தக் கிளினிக்குக்கு வந்தது ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டு போவதற்காக. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாக வேண்டும். நைனார் என்று ஊரில் அழைக்கிற சமணக் குடும்பம், இருட்டிய பிறகு வாயில் பருக்கை வைக்கும் பழக்கம் கிடையாது. அதனால் நாற்காலியில் சாயும்போதே, "சீக்கிரம் புடுங்கிடும்மா, ரொம்ப ஆடுது" என்று சொல்லி வாயைத் திறந்துவிட்டாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் கணவர் குந்துநாதனோடு சேர்ந்து ஒன்பது ஏக்கர் நெல் பயிரிடுகிறவள். கிராமசபை கூடினால் முதலில் எழுந்து நிற்பது அவள்தான். ஏரிக் கால்வாய் ஏன் தூர் வாரவில்லை, ரேஷன் கடை ஏன் பத்து மணிக்கு மேல் திறக்கிறது என்று அவள் கேட்க ஆரம்பித்தால் அதிகாரிகள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பார்கள். மைக்கே வேண்டாம் என்று ஊரில் சொல்வார்கள். அப்படிப்பட்ட குரல்.

கிளினிக் செவிலிமேட்டில், பால் பூத்துக்கு மேலே, ஒரே ஒரு அறை. டாக்டர் கலையரசி அதைத் திறந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. வாசல் பலகையில் 'டாக்டர் வீ. கலையரசி, பி.டி.எஸ்.' என்று எழுதியிருந்தது. அந்த எழுத்துகளின் அளவைத் தீர்மானித்தவர் அவளுடைய அப்பா வீராசாமி. கட்டடக் கொத்தனாராகத் தொடங்கி மேஸ்திரியானவர். எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நிற்பவனுக்கும் தெரிய வேண்டும் என்று பெயிண்டரிடம் கறாராகச் சொல்லிவிட்டார். கூட்டம் இன்னும் வரவில்லை. கூட்டம் இல்லாததால்தான் மதனவதியும் அன்று மகளிடம் இங்கே வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

ஐந்து மாதத்துக்கு முன்பு வேறொரு இடத்தில் வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்திருந்தார்கள். அந்தக் குழி மூடவே இல்லை. மூன்று தடவை மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது பக்கத்துப் பல்லும் ஆடியது, தாடை ஓரம் சற்று வீங்கியும் இருந்தது. கலையரசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வாய் கொப்பளிக்கச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

மதனவதி கொப்பளித்துத் துப்பினாள். கொஞ்சம் தண்ணீர் வலது பக்க உதட்டோரமாக வழிந்து மோவாயில் இறங்கிச் சொட்டியது. அவள் துடைக்கவில்லை. அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, அவள் பாட்டுக்கு நடவு ஆள் கிடைக்காததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். சேலை நனைந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

கலையரசி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடச் சொன்னாள். பஞ்சைத் திரித்து நூல்போல ஆக்கி இடது பக்க உதட்டுக்குக் கீழே தொட்டாள். கூசுது என்றாள் மதனவதி. வலது பக்கம் தொட்டாள். மதனவதி காத்திருந்தாள். மறுபடியும் தொட்டாள். "தொடும்மா, எவ்ளோ நேரம் கண்ண மூடிக்கினு இருக்கிறது" என்றாள் அவள்.

சிறிய எக்ஸ்ரே ஒன்று எடுத்தாள். ஒரு பல்லையும் அதைச் சுற்றியுள்ள கொஞ்சம் எலும்பையும் மட்டும் காட்டும் கருவிதான் அவளிடம் இருந்தது. அந்தக் கொஞ்சமே போதுமாயிருந்தது. பல்லின் வேர் பாதி கரைந்திருந்தது. எலும்புக்கு ஓரமே இல்லை.

"இந்தப் பல்ல நான் எடுக்க மாட்டேன்மா" என்றாள். "பூச்சி அரிச்ச பட்டுப்பொடவைய வெளிச்சத்துல புடிச்சுப் பாத்திருப்பீங்க இல்ல? உங்க தாட எலும்பு அப்படி இருக்குது. உள்ள ஏதோ கட்டி வளருது. இன்னா கட்டின்னு தெரியாம கை வைக்கக் கூடாது."

முழுத் தாடைக்கும் படம் எடுக்க வேண்டும், சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். மதனவதி அதை வாங்கவில்லை, மகள் மதுமிதாதான் வாங்கிக்கொண்டாள். பல் பிடுங்கத் தெரியாதவர்கள் எல்லாம் போர்டு மாட்டிவிடுகிறார்கள் என்று மாடிப்படியில் மதனவதி சொன்னது மேலே வரைக்கும் கேட்டது. சொன்னேனே, அப்படிப்பட்ட குரல்.

நான்கு நாள் கழித்துக் கலையரசி பதிவேட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். எடுத்தது குந்துநாதன். மரியாதையாகத்தான் பேசினார். நாங்கள் வேறு டாக்டரிடம் காட்டிக்கொள்கிறோம், பல் எடுக்க வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். வைப்பதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்டார்: "நீ நம்ம வீராசாமி பொண்ணு தானே?"

நம்ம வீராசாமி என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. வீராசாமியின் அம்மா அந்தக் குடும்பத்து வயல்களில் நாற்று நட்டவள். மத்தியானக் கஞ்சிக்குத் தூக்குச்சட்டியோடு அந்த வீட்டுத் தெருக்கோடியில் நின்றவள். தெருவுக்குள் வரமாட்டாள், வரக்கூடாது என்று யாரும் பலகை எழுதி வைத்திருக்கவில்லை, ஆனாலும் வரமாட்டாள். வீராசாமி சின்ன வயதில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு காஞ்சிபுரத்தில் எத்தனையோ வீடு கட்டினார். அந்தத் தெருவில் மட்டும் வேலை ஒப்புக்கொண்டதே இல்லை.

அதனால், ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பருத்திக்குன்றம் போகிறேன் என்று கலையரசி சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"நைனார் வூட்டு வாசல்ல நீ போயி நிக்கக் கூடாதும்மா. நீ டாக்டரு. வேணும்னா அவங்க உன்ன தேடிக்கினு வரட்டும்."

"நான் நிக்கப் போகலப்பா. பாக்கப் போறேன். அந்தப் பல்ல வியாழக்கிழம எவனாவது புடுங்கிட்டான்னா கட்டி இன்னும் வேகமா வெளிய வரும். எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லலன்னு ஆயிடும்."

"சொல்லிட்டல்ல?"

"அவங்க நம்பறாப்பல சொல்லல."

வீராசாமி சட்டையை மாட்டிக்கொண்டார். பிறகு வண்டிச் சாவியை எடுத்தார். தெருமுனை வரைக்கும் கொண்டுவிடுகிறேன், உள்ளே நான் வரமாட்டேன் என்றார். அப்படியே செய்தார்.

குந்துநாதன் களத்தில் டிராக்டர் கலப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். கலையரசியைப் பார்த்ததும் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. மதனவதிதான் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போட்டாள், ஆனால் தூசி தட்டிப் போட்டாள். இந்தச் சில நாளில் வீக்கம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கூடியிருந்தது.

கலையரசி உட்காரவில்லை. அந்த நாற்காலியில் மதனவதியை உட்காரச் சொன்னாள். துப்பட்டா ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்துப் பிய்த்துக் குந்துநாதனிடம் நீட்டினாள்.

"நான் செஞ்சா நம்ப மாட்டீங்க சார். நீங்களே தொட்டுப் பாருங்க. அம்மா, கண்ண மூடிக்குங்க. தொட்டா சொல்லுங்க."

அவருக்கு இது ஏதோ விளையாட்டுப் போல இருந்திருக்க வேண்டும். ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நூலை வாங்கினார். இடது மோவாயைத் தொட்டார். மதனவதி உடனே சொன்னாள். வலது பக்கம் தொட்டார். ஒன்றும் சொல்லவில்லை. நூலை உதட்டின் மேலேயே வைத்து இழுத்தார். பிறகு நூலைக் கீழே போட்டுவிட்டு விரல் நகத்தால் அழுத்தினார். நகம் பதிந்த இடம் வெளுத்துச் சிவந்தது.

"இன்னும் தொடலியா?" என்று கேட்டாள் மதனவதி.

குந்துநாதன் கையை எடுக்காமல் அப்படியே நின்றார். முப்பது வருடம் கூடவே வாழ்ந்தவளின் முகம் அது. கலையரசி மெதுவாக விளக்கினாள். கீழ் உதட்டுக்கு உணர்ச்சி கொண்டுபோகும் நரம்பு தாடை எலும்புக்கு உள்ளேதான் ஓடுகிறது. சாதாரணப் பல் சீழ் அந்த நரம்பை இப்படி அறுப்பது அபூர்வம். இது அறுத்திருக்கிறது என்றால் அது சாதாரணம் இல்லை.

வியாழக்கிழமை அவர்கள் பல் பிடுங்கப் போகவில்லை. கலையரசி எழுதிக் கொடுத்த கடிதத்தோடு, அவள் படித்த பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். தாடையிலிருந்து ஒரு துண்டு சதை எடுத்தார்கள். பத்து நாளில் முடிவு வந்தது. முதலில் போன் செய்து சொன்னவர் குந்துநாதன்தான். குரலில் பாரம் இறங்கியிருந்தது. கட்டிதான், ஆனால் புற்று இல்லையாம். அமிலோபிளாஸ்டோமா என்று எழுதியிருக்கிறதாம். சுரண்டி எடுத்துவிட்டால் போதும் என்று அங்கே ஒருவர் சொல்கிறாராம், அடுத்த வாரமே தேதி தருகிறார்களாம்.

கலையரசி நல்லது சார் என்றாள். போனை வைத்துவிட்டு மதனவதியின் எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்த்தாள். நல்லது என்று தோன்றவில்லை. அந்த வகைக் கட்டி வருடக்கணக்கில் மெதுவாக வளரும். வலிக்காது, உதட்டை மரக்க வைப்பதும் அரிது. மதனவதிக்கு ஐந்து மாதத்தில் எலும்பு போயிருக்கிறது. ஒன்பது மாதத்துக் கிளினிக் வைத்திருக்கும் ஒரு பி.டி.எஸ்., கல்லூரி கொடுத்த முடிவைச் சந்தேகப்பட்டால் சிரிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தே மறுநாள் கிளினிக்கை மூடிவிட்டுப் பஸ் ஏறினாள்.

முடிவில் கையெழுத்துப் போட்டிருந்தவள் சுகாசினி. கலையரசியோடு ஒன்றாகப் படித்தவள், மேற்படிப்பு முடித்து அங்கேயே நோய்க்கூறியல் பிரிவில் சேர்ந்துவிட்டவள். விடுதியில் ஒரே அறை. கலையரசி வந்த காரணத்தைச் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்தது. வந்ததை மறைக்கவும் இல்லை.

"அதுல என் கையெழுத்து இருக்குது கலை. நான் பாக்காம போட்டேன்னு சொல்றியா?"

"இல்ல. நீ பாத்த துண்டுல இருந்தத நீ சரியாத்தான் எழுதியிருக்க. ஆனா நீ பாக்காத துண்டும் இருக்குது. நான் நோயாளியப் பாத்தேன். அவங்களுக்கு ஒதடு செத்துப் போச்சு. மெழுகுக் கட்டியில இன்னும் ஆழமா வெட்டிப் பாரு. ஒண்ணும் இல்லன்னா நான் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்."

சுகாசினி எழுந்து போய் மெழுகில் பதித்து வைத்திருந்த அந்தச் சதைத் துண்டை எடுத்துவரச் சொன்னாள். ஆழத்திலிருந்து புதிதாக மெல்லிய சீவல்கள் எடுத்து, சாயம் ஏற்றிக் கொண்டுவர மத்தியானம் ஆகிவிட்டது. சாப்பிடக்கூடப் போகவில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் நுண்ணோக்கி அது. எதிரெதிரே உட்கார்ந்து பார்த்தார்கள். முதல் சீவலில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. நான்காவதில் சுகாசினியின் கை நின்றது.

அங்கே செல்கள் ஒழுங்கு தப்பி நெருங்கிக் கிடந்தன. ஒன்று இரண்டாகப் பிரிகிற நிலையில் இருந்தவை மட்டும் ஒரே பார்வையில் ஏழெட்டு. நரம்பைச் சுற்றி அவை வளையமாகப் படர்ந்திருந்தன. சுகாசினி நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமலே பேசினாள். பல்லை உருவாக்கும் செல்களிலிருந்து வருகிற புற்று, அமிலோபிளாஸ்டிக் கார்சினோமா. புத்தகத்தில் படித்திருக்கிறேன், என் கண்ணால் பார்த்ததில்லை, என் பேராசிரியரே ஒன்றோ இரண்டோதான் பார்த்திருப்பார் என்றாள். பேராசிரியரும் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

சாயங்காலத்துக்குள் சுகாசினியே திருத்திய முடிவை எழுதினாள். முதல் முடிவு ஏன் மாறியது என்பதையும் ஒளிக்காமல் அதில் எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, "சுரண்டியிருந்தா ஆறு மாசத்துல நுரையீரலுக்குப் போயிருக்கும்" என்றாள். பேனாவை மூடி வைத்தாள். கலையரசிக்குப் பசி அப்போதுதான் தெரிந்தது. காஞ்சிபுரம் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தாள். ஒரு பெண்ணின் தாடையில் புற்று என்று உறுதியான நாளில் சந்தோஷப்படுவது தகாது என்று அவளுக்குப் பட்டது. ஆனாலும் நெஞ்சுக்குள் ஒன்று நிமிர்ந்து நின்றது. அவள் அதை அடக்கப் பார்த்தாள். ஊரை ஒட்டிய ஓரிக்கை நிறுத்தம் வரும்வரை அது அடங்கவில்லை.

செய்தியைச் சொல்ல இந்த முறையும் அவளேதான் திருப்பருத்திக்குன்றம் போனாள். வீராசாமி தெருமுனையில் வண்டியை நிறுத்தவில்லை. வீட்டு வாசல் வரைக்கும் ஓட்டிவந்து, இஞ்சினை அணைத்துவிட்டு வண்டிமேலேயே உட்கார்ந்திருந்தார்.

வலது பக்கக் கீழ்த்தாடையைப் பாதிக்கு மேல் எடுக்க வேண்டியிருக்கும், காலிலிருந்து ஒரு எலும்பை எடுத்து அங்கே பொருத்தித் தாடை செய்வார்கள், பிறகு கதிர்வீச்சு என்று கலையரசி ஒவ்வொன்றாகச் சொன்னாள். மதுமிதா அழுதாள். குந்துநாதன் அறுவடை முடியட்டும் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"அறுவட நீங்க பாருங்க" என்றாள் மதனவதி. பிறகு கலையரசி பக்கம் திரும்பினாள். "பேச முடியுமா?"

"மொதல்ல முடியாது. தொண்டையில ஓட்ட போட்டு மூச்சு விடறதுக்குக் குழாய் வெப்பாங்க. அதுக்கப்புறம் பழகணும். பழைய மாதிரி வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா வரும்."

மதனவதி யோசித்தாள். "பொய் சொல்லலன்னா சரி" என்றாள்.

சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை பதினோரு மணி நேரம் நடந்தது. கணுக்காலுக்கு மேலிருந்து எடுத்த எலும்பை மூன்று துண்டாக வெட்டி, தாடையின் வளைவுக்கு ஏற்பச் சேர்த்து, தகடு வைத்து முடுக்கினார்கள். தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக்குழாய்களைத் தைத்தார்கள். மதனவதிக்கு மூன்று நாள் கழித்து நன்றாக நினைவு வந்தபோது கேட்டது நோட்டும் பேனாவும்தான். மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு இறக்கிக்கொண்டிருந்தார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒரு வேளை என்று அட்டவணையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, 'பொழுது போனப்புறம் வேண்டாம். பூண்டு வெங்காயம் கூடாது' என்று எழுதிக் காட்டினாள். வயிற்றுக்குள் நேராகப் போகிறது, ருசிகூடத் தெரியாது, இதில் என்ன என்று செவிலியர் ஒருவர் கேட்டார். அவள் அதே வரியின் கீழ் இரண்டு கோடு போட்டுக் காட்டினாள். உணவு நிபுணர் வந்து பார்த்து, அதே அளவைக் காலை ஆறிலிருந்து மாலை ஐந்தரைக்குள் பிரித்து எழுதிக் கொடுத்தார். அந்த வார்டில் சூரியனைப் பார்த்துச் சாப்பிட்டவள் அவள் ஒருத்திதான் என்று பிற்பாடு அங்கே வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்கள். உடம்பு அவர்கள் கையில் இருந்தது. சாப்பாட்டு நியமம் மட்டும் தன் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தாள், இருந்தது.

கதிர்வீச்சு ஆறு வாரம். வாய் முழுக்கப் புண்ணாகி, எச்சில் வற்றி, தண்ணீர்கூட முள்ளாக இறங்கிய நாட்களை அவள் யாரிடமும் விவரித்ததில்லை. வீடு திரும்பியபோது முகம் வலது பக்கம் சற்று இழுத்துக்கொண்டிருந்தது. கழுத்தில் காது வரைக்கும் ஒரு தழும்பு. நடையில் லேசான சாய்வு. வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது.

அதற்குக் கலையரசி ஒரு வழி சொன்னாள். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே செருகி, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வாரம் ஒருமுறை மதனவதி மகள் மதுமிதாவின் வண்டியில் செவிலிமேட்டுக்கு வந்து படியேறி அந்த நாற்காலியில் உட்காருவாள். ஏழு குச்சி. ஒன்பது குச்சி. கண்ணில் நீர் முட்டும், குச்சியை எடுக்க விடமாட்டாள். மூன்றாம் மாதம் பதினாறு ஆயிற்று. பேச்சுக்குத் தினமும் செய்தித்தாளை உரக்கப் படித்தாள். 'ப' வரவில்லை, 'ம' வரவில்லை. உதடு பொருந்தாத எழுத்துகள் எல்லாம் காற்றாகப் போயின. பக்கத்து வீட்டில் கேட்கும் என்று குந்துநாதன் ஜன்னலைச் சாத்தப் போனபோது, சாத்தாதே என்று கையைக் காட்டினாள்.

தழும்பை முந்தானையால் மூடிக்கொள்ளச் சொன்னவர்கள் உண்டு. உறவுக்காரப் பெண் லோகாம்பாள், மகன் கல்யாணத்துக்கு அழைக்க வந்தபோது, போட்டோ எடுக்கும்போது மட்டும் இடது பக்கம் தெரிகிறாற்போல நின்றுகொள்ளலாம் என்று நல்ல மனதோடுதான் சொன்னாள். மதனவதி அந்தக் கல்யாணத்தில் நேராக நின்றாள். அந்த வருட அக்டோபர் கிராமசபையிலும் எழுந்தாள். பாதிப் பேருக்கு முதல் தடவை புரியவில்லை. இரண்டாம் தடவை சொன்னாள். மூன்றாம் தடவை சொன்னாள். தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறவர் எழுதி முடித்து, சரியா அம்மா என்று வாசித்துக் காட்டும் வரைக்கும் உட்காரவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. நுரையீரல் ஸ்கேன் ஒவ்வொரு முறையும் சுத்தமாக வந்தது. காலிலிருந்து வந்த எலும்பு தாடையோடு ஒன்றிப்போய், அதில் பல் கட்டும் அளவுக்கு உறுதியாகிவிட்டது. கிளினிக்கில் கூட்டம் சேர்ந்திருந்தது. குந்துநாதன் இப்போது போனில் கலையரசியை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார். நீங்கள் என்றுதான் பேசினார்.

கலையரசியும் சுகாசினியும் சேர்ந்து மதனவதியின் நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். சென்னையில் பல் மருத்துவர்கள் மாநாட்டில் அதை வாசிக்க இடம் கிடைத்தது. நோயாளியின் ஒப்புதல் வேண்டும். கலையரசி மடிக்கணினியோடு திருப்பருத்திக்குன்றம் போய், காட்டப்போகும் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். எக்ஸ்ரே, சீவல், அறுவைக்கு முன், பின். முகப் படத்தில் கண்களின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை இருந்தது.

"இது இன்னாது?" என்று கேட்டாள் மதனவதி.

ஆள் யார் என்று தெரியக்கூடாது என்பதற்காக அப்படி மறைப்பது வழக்கம் என்றாள் கலையரசி.

"பேப்பர்ல திருடனப் போடறாப்பல இருக்குது. நான் இன்னா தப்பு பண்ணிட்டேன்? கண்ணு நல்லாத்தானே இருக்குது எனக்கு? எடுத்துடு டாக்டர் அத."

முகத்தைக் காட்டுவதானால் தனியாக எழுதிக் கையெழுத்து வேண்டும், ஒருமுறை வெளியானால் திரும்ப வாங்க முடியாது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று கலையரசி முழுவதும் சொன்னாள். மதுமிதா வேண்டாம் என்றாள். குந்துநாதன் மனைவியைப் பார்த்தார். மதனவதி படிவத்தை வாங்கி வரிவரியாகப் படித்தாள். புரியாத இரண்டு இடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"நானும் வரலாமா அங்க?" என்றாள்.

மாநாட்டு அரங்கில் முந்நூறு பேர் இருந்தார்கள். எல்லாம் ஆங்கிலம். வீராசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. திரையில் மகளின் பெயர் வந்தபோது மட்டும் எழுந்து நின்று செல்போனில் படம் பிடித்தார். கை ஆடியதால் மூன்று தடவை பிடித்தார். பக்கத்து நாற்காலியில் குந்துநாதன் இருந்தார். பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்று வீராசாமி உட்காரப் போனபோது, "எடு வீராசாமி, நல்லா எடு" என்றார்.

கலையரசி பன்னிரண்டு நிமிடம் பேசினாள். மதனவதியின் முகம் திரையில் வந்தது. கண்கள் நேராகப் பார்த்தன. அதற்கு முன்பு வந்த பத்துப் பதினைந்து படங்களிலும் கறுப்புப் பட்டை இருந்ததால் அரங்கில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. கடைசியில் கேள்வி நேரம். முன்வரிசையில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர், அறுவை நன்றாகச் செய்திருக்கிறார்கள், ஆனால் நோயாளியின் பேச்சு எப்படி இருக்கிறது, அளந்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கலையரசி அளவுகளைச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு நிறுத்தினாள். "அவங்க இங்கதான் இருக்காங்க சார். அவங்களையே கேளுங்க" என்று தமிழில் சொன்னாள்.

ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். மதனவதி அதை வாங்கவில்லை. எழுந்து நின்றாள்.

"என் பேரு மதனவதி. திருப்பருத்திக்குன்றத்துல இருந்து வரேன். பேசறேன். புரியுதுங்களா?"

'ப' கொஞ்சம் காற்றாகத்தான் வந்தது. பின்வரிசை வரைக்கும் கேட்டது. பேராசிரியர் புரிகிறது அம்மா என்றார். கைதட்டல் எங்கேயோ ஒரு மூலையில் தொடங்கி அரங்கு முழுவதும் பரவியது. அது ஓயும் வரைக்கும் அவள் நின்றாள். ஓய்ந்ததும், தான் இன்னும் முடிக்கவில்லை என்பதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அஞ்சு மாசம் மாத்திர தின்னேன். யாரும் ஒதட்டத் தொட்டுப் பாக்கல. இந்த டாக்டர் ஒண்ணுதான் தொட்டுப் பாத்துச்சு. நீங்கள்லாம் தொட்டுப் பாருங்க."

தேநீர் இடைவேளையில் மாணவர்கள் அவளைச் சுற்றி வந்து நின்றார்கள். கிட்டே போகலாமா வேண்டாமா என்று தயங்கினார்கள். மதனவதி ஒரு நாற்காலியை வெளிச்சம் விழும் ஜன்னல் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். வரிசை உண்டாயிற்று. ஒவ்வொருவராகக் குனிந்து, தாடை ஓரத்தைத் தொட்டு, கால் எலும்பு எங்கே சேர்கிறது என்று விரலால் தேடினார்கள். கலையரசி பக்கத்தில் நின்று சிறிய விளக்கைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு பெண் பயந்து பயந்து தொட்டாள். "நல்லா அழுத்திப் பாரும்மா" என்றாள் மதனவதி. "ஒடையாது."

வரிசையில் இன்னும் இருபது பேராவது இருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள், அகலமாக.